டிஹுவானாவுக்கு ஒரு பகல் போய் வரலாமா?

கேட்டவர் டல்லாஸில் இருக்கிறார். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு சான் டியேகோ போகிறார்கள்: அவர் எச்-1பி (வேலை விசா), மனைவி எச்-4 (எச்-1பிக்காரரின் குடும்பத்துக்கான விசா), மூத்த பிள்ளை இந்தியாவில் பிறந்தது, சின்னது அமெரிக்காவில் பிறந்தது, கூடவே சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மா. அங்கிருந்து ஒரு பகல், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டிஹுவானா மாதிரி மெக்ஸிகோ ஊர் எதையாவது பார்த்துவிட்டு வரலாமா, அது பாதுகாப்பா, அம்மாவுக்குப் பல் வேலை பாக்கி இருக்கிறது, அதையும் அங்கேயே மலிவாக முடித்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. நடுவில் ஒரு வரி: "என் விசா ஸ்டாம்ப் போன வருஷமே முடிந்துவிட்டது, ஆனால் ஐ-797 கையில் இருக்கிறது, அதனால் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன்." (ஐ-797 என்பது எச்-1பி மனுவை அங்கீகரித்து அமெரிக்கக் குடியேற்றத் துறை அனுப்பும் கடிதம்.)

துப்பாக்கி, கும்பல் எல்லாவற்றையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த ஒரு வரி. எல்லை ஊருக்குப் போய் வரும் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் காகிதத்தில்தான்.

ஸ்டாம்ப் முடிந்திருந்தாலும் மெக்ஸிகோ போய் வரலாம் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அமெரிக்கா பக்கம் அது உண்மை. ஐ-94 என்ற வருகைப் பதிவு செல்லுபடியாக இருந்து, மெக்ஸிகோவுக்கோ கனடாவுக்கோ மட்டும் 30 நாளுக்குள் போய்த் திரும்பி, அங்கே புதிய விசாவுக்கு விண்ணப்பிக்காமல் இருந்தால், பழைய ஸ்டாம்பையே நீட்டித்ததாகக் கருதி உள்ளே விடுகிற விதி இருக்கிறது. ஆனால் கதவு இரண்டு. மெக்ஸிகோவுக்குள் நுழைய இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு விசா வேண்டும். காலாவதியாகாத அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால்தான் அந்த விசா தேவையில்லை. (கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசா ஏதாவது உயிரோடு இருந்தாலும் சரி.) ஐ-797 என்ற காகிதம் மெக்ஸிகோ அதிகாரிக்கு விசா ஆகாது. ஆகவே உங்களை அமெரிக்கா திரும்ப ஏற்றுக்கொள்ளும், மெக்ஸிகோ உள்ளே விடாது. வழி இரண்டுதான். டல்லாஸிலேயே மெக்ஸிகோ துணைத் தூதரகம் இருக்கிறது, அங்கே விசா வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மற்றவர்களை அனுப்பிவிட்டு, எல்லையை ஒட்டியிருக்கும் லாஸ் அமெரிக்காஸ் கடைத்தெருவில் பொழுதைப் போக்குங்கள். மனைவி, பிள்ளையின் எச்-4 ஸ்டாம்ப் தேதிகளையும் இதே கணக்கில் பார்த்துவிடுங்கள்.

"நடந்து போனால் அங்கே யாரும் பாஸ்போர்ட்டே கேட்பதில்லை" என்றும் ஒருவர் சொல்வார். சில வாசல்களில், சில நேரங்களில் அப்படி நடப்பதுண்டு. ஆனால் அனுமதியில்லாமல் ஒரு நாட்டுக்குள் நிற்கும்போது கால் பிசகி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தாலும், போலீஸ்காரர் ஒருவர் நிறுத்திக் கேட்டாலும், உங்கள் பக்கம் பேச ஒன்றும் இருக்காது. அந்தத் துணிச்சல் வேண்டாம்.

இன்னொரு கூட்டமும் இதைப் படிக்கும் என்பதால் சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர்கள் அட்வான்ஸ் பரோல் என்ற முன் பயண அனுமதி இல்லாமல் எல்லையைத் தாண்டினால், ஒரு மணி நேரத்துக்கென்றாலும், விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். செல்லுபடியாகும் எச் அல்லது எல் விசாவில் போய்த் திரும்புபவர்களுக்கு விலக்கு உண்டு. மாணவர்கள் ஐ-20 என்ற மாணவர் படிவத்தில் கல்லூரியின் பயணக் கையெழுத்து பழையதாகிவிடவில்லையா என்று பாருங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு மாதிரி ஏதாவது நிலுவையில் இருப்பவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

அப்பா அம்மாவிடம் பத்து வருஷ பி-2 சுற்றுலா விசா இருக்குமானால் மெக்ஸிகோ அவர்களை அதை வைத்தே உள்ளே விடும். ஒரு பகல் வெளியே போய் வந்தால் இங்கே தங்க இன்னும் ஆறு மாதம் கிடைக்கும் என்று மட்டும் யாரும் கணக்குப் போட வேண்டாம். சின்னவனுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் நல்லது. தரைவழியில் அமெரிக்கா திரும்ப, 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே போதும் என்றும் விதி இருக்கிறது. நீங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டு மனைவி மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார் என்றால், உங்கள் சம்மதத்தை ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, முடிந்தால் நோட்டரியிடம் கொடுத்து அத்தாட்சி வாங்கி, அனுப்புங்கள். கேட்பார்களா என்று சொல்ல முடியாது; கேட்டால் அது இல்லாமல் சிரமம்.

சரி, இப்போது பயத்துக்கு வருவோம்.

மெக்ஸிகோ எல்லை என்று ஒன்றாகச் சொல்கிறோமே தவிர, அது பசிபிக் கரையிலிருந்து மெக்ஸிகோ வளைகுடா வரைக்கும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆறு மாநிலங்கள் அதைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க வெளியுறவுத் துறை ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக எச்சரிக்கை நிலை சொல்கிறது. டெக்சாஸின் தென்கோடிக்கு எதிரே இருக்கும் தமௌலிபாஸ் பல வருஷமாக நான்காம் நிலை, அதாவது போகவே வேண்டாம். 2023 மார்ச்சில் அங்கே மாட்டமோரோஸ் ஊருக்கு அழகு அறுவைச் சிகிச்சைக்காக வண்டியில் போன நான்கு அமெரிக்கர்களைப் பட்டப்பகலில் கும்பல் ஒன்று கடத்தியது, இருவர் செத்தார்கள். நீங்கள் டல்லாஸ்காரர் என்பதால் "எதற்கு சான் டியேகோ வரை, இங்கிருந்து காரிலேயே போய் வரலாமே" என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். மாட்டமோரோஸ், ரெய்னோசா, நுவேவோ லரெடோ மூன்றும் அந்த மாநிலத்தில்தான். அதே மாநிலத்தின் நுவேவோ புரோகிரெசோவில் பல் வைத்தியமும் மருந்துக்கடைகளும் பார்க்க டெக்சாஸ் முதியவர்கள் குளிர்காலம் முழுக்கப் பாலத்தைத் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், பெரும்பாலோர் ஒன்றும் ஆகாமல் திரும்புகிறார்கள். ஆனாலும் இடம் தெரியாத ஒரு குடும்பத்தை அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

டெக்சாஸிலிருந்துதான் போக வேண்டும் என்றால் நான் கை காட்டுவது ஓர் ஊரை மட்டும்: பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் போக்கியாஸ். 2002-இல் மூடிய அந்த வாசலை 2013-இல் மறுபடி திறந்தார்கள். ரியோ கிராண்டே ஆற்றைத் துடுப்புப் படகில் தாண்டி, கழுதை மேலோ நடந்தோ ஊருக்குள் போய், மதியம் சாப்பிட்டுவிட்டு வரலாம். வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது. சாயங்காலம் சாத்திவிடுவார்கள், நேரத்தைத் தவறவிட்டால் ராத்திரி அந்தக் கரையில்தான். உங்கள் குடும்பம் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். திரும்பி வரும்போது அங்கே நேரில் அதிகாரி இருப்பதில்லை, இயந்திரத்தில் பாஸ்போர்ட்டை வைத்துத் தொலைபேசியில் பேச வேண்டும். விசாக்காரர்கள் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

டிஹுவானா இருக்கும் பாஹா கலிபோர்னியா மாநிலத்தை வெளியுறவுத் துறை மூன்றாம் நிலையில் வைத்திருக்கிறது. போகலாமா என்று ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள் என்று பொருள். நகரத்தில் கொலைகள் நிறைய நடக்கின்றன, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவை போதைக் கும்பல்களுக்குள், சுற்றுலாக்காரர் போகாத குடியிருப்புகளில் நடப்பவை. அதே சமயம் சான் டியேகோவுக்கும் டிஹுவானாவுக்கும் நடுவில் இருக்கும் சான் யிசிட்ரோ வாசல் உலகத்திலேயே மிகுந்த நெரிசலான தரை எல்லைகளில் ஒன்று. பள்ளிக்கூடம், வேலை, மளிகை என்று தினமும் ஆயிரக்கணக்கானோர் அதன் வழியாக வந்து போகிறார்கள். பகலில், நடந்து, நகர மையத்துக்குள் மட்டும் என்ற மூன்று வரம்புக்குள் நின்றால் பெரிய நகரம் எதிலும் இருக்க வேண்டிய ஜாக்கிரதையே போதும் என்பது என் அபிப்பிராயம். ஒன்றே ஒன்று: கிளம்பும் காலையில் டிஹுவானாவில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் எச்சரிக்கைகளைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை கும்பல்கள் நகரமெங்கும் வண்டிகளைக் கொளுத்தியபோது, தூதரகம் தன் ஊழியர்களை வெளியே வராதீர்கள் என்று சொன்னது. அப்படிப்பட்ட நாளில் கடற்கரைக்குப் போய்விடுங்கள், சான் டியேகோவில் அதற்குக் குறைவில்லை.

காரை எடுத்துப் போகவே வேண்டாம். காரணம் ஒன்றல்ல. அமெரிக்கக் கார் காப்பீடு அங்கே செல்லாது, மெக்ஸிகோ காப்பீடு தனியாக வாங்க வேண்டும். அது இல்லாமல் விபத்து நடந்தால், நஷ்டத்துக்கு வழி சொல்லும் வரை காவலில் வைக்கலாம். வாடகைக் கார் என்றால் அநேக நிறுவனங்கள் எல்லையைத் தாண்டவே விடாது. எல்லாவற்றுக்கும் மேல் திரும்பும் வரிசை. ஞாயிறு சாயங்காலம் மூன்று மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருப்பது அங்கே சாதாரணம். முன்கூட்டியே சோதனை முடித்து வாங்கும் சென்ட்ரி அட்டைக்காரர்களுக்கான வரிசை காலியாகத் தெரியும். அட்டை இல்லாமல் அதில் நுழைந்தால் அபராதம். ரெடி லேன் என்ற வேக வரிசைக்கு வண்டியில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரிடமும் சிப் வைத்த அட்டை வேண்டும். கிரீன் கார்டுக்கு அது உண்டு, பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவுக்குக் கிடையாது.

ஆகவே சான் டியேகோ நகர மையத்திலிருந்து டிராலி என்ற நகர ரயிலின் நீல வழித்தடத்தில் ஏறுங்கள். கடைசி நிறுத்தம் சான் யிசிட்ரோ, இறங்கினால் எல்லை. காரில்தான் வந்து சேர்வீர்கள் என்றால், ஐ-5 சாலையில் 'அமெரிக்காவின் கடைசி வெளிவழி' என்று பலகை வரும், அங்கேயே இறங்கிக் கட்டண நிறுத்தத்தில் விடுங்கள். அதைத் தவறவிட்டால் திரும்ப வழி கிடையாது, மெக்ஸிகோதான். 2014-இல் ஓர் அமெரிக்க முன்னாள் ராணுவ வீரர் அந்த வழியைத் தவறவிட்டதாகச் சொல்லி, துப்பாக்கிகளோடு எல்லையில் பிடிபட்டு, ஏழு மாதம் மெக்ஸிகோ சிறையில் கிடந்தார். அங்கே துப்பாக்கி என்ன, பைக்குள் மறந்து கிடக்கும் ஒரு தோட்டாவே குற்றம். நீங்கள் துப்பாக்கிக்காரர் இல்லையென்றாலும் டல்லாஸ் நண்பரிடம் இரவல் வாங்கிய முதுகுப்பையை ஒருமுறை உதறிப் பாருங்கள். மின் சிகரெட்டும் கொண்டுபோகக் கூடாது, மெக்ஸிகோ அதைத் தடை செய்திருக்கிறது.

வாசலில் வெளிநாட்டவர் வரிசையில் நின்று குடியேற்றப் படிவத்தை நிரப்புங்கள். தரைவழியில் ஏழு நாளுக்குள் திரும்புபவர்களுக்கு அதைக் கட்டணமில்லாமலே கொடுப்பது வழக்கம். தருகிற சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தாண்டியதும் டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பேசாமல் நடந்து வெளியே வந்து ஊபர் கூப்பிடுங்கள், டிஹுவானாவில் அது உண்டு, பேரம் மிச்சம். உங்கள் போன் திட்டத்தில் மெக்ஸிகோ சேர்ந்திருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். பெரிய நிறுவனங்களின் பல திட்டங்களில் இருக்கும். அவசர எண் அங்கேயும் 911தான். அவெனிடா ரெவலூசியோன் தெருவில் ஒரு நடை போகலாம். சீசர் சாலட் பிறந்ததாகச் சொல்லும் உணவகம் அங்கேதான், 1924-இல் சீசர் கார்டினி என்ற இத்தாலியர் ஜூலை 4 கூட்டத்தைச் சமாளிக்கச் செய்தது என்பது கதை. மேசைக்குப் பக்கத்திலேயே கலந்து தருவார்கள். (அதில் நெத்திலி உண்டு, சைவர்கள் கவனிக்க.) பிள்ளைகளுக்குப் பெரிய உருண்டை வடிவக் கட்டடமான செக்கூட் கலாசார மையம், எல்லோருக்கும் மெர்காடோ இடால்கோ சந்தை. அப்பா அம்மாவை இந்தச் சந்தைக்குக் கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள். புளியில் மிளகாய் போட்ட மிட்டாய், வகை வகையாகக் காய்ந்த மிளகாய், வெல்லக் கூம்புகள். மாங்காயும் மிளகாய்த்தூளும் மெரினாவில் விற்கிற அதே கூட்டணி, கூடவே எலுமிச்சை பிழிந்து தருவார்கள். இந்த மையப் பகுதிக்கு வடக்கே, எல்லையை ஒட்டி, சோனா நோர்ட்டே என்ற பகுதி இருக்கிறது. அது சிவப்பு விளக்கு வட்டாரம். வரைபடத்தில் குறுக்கு வழி மாதிரி தெரியும், அதற்குள் போகாதீர்கள்.

சைவச் சாப்பாட்டைப் பற்றி நேராகச் சொல்கிறேன்: பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சிவப்புச் சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். 'சின் கார்னே' என்றால் மாடு, பன்றி இல்லை என்றுதான் பல இடங்களில் எடுத்துக்கொள்வார்கள். 'நி போயோ, நி பெஸ்காடோ, நி மான்டேகா' (கோழியும் வேண்டாம், மீனும் வேண்டாம், பன்றிக் கொழுப்பும் வேண்டாம்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். நோபால் என்ற கள்ளி மடலும் பாலாடைக்கட்டியும் வைத்த கேசடியா என்ற மடித்த ரொட்டி, சுட்ட சோளம், சுர்ரோ என்ற பொரித்த இனிப்பு, பழங்கள் இருக்கவே இருக்கின்றன. தண்ணீர் பாட்டிலில் மட்டும். டாலரை எல்லாக் கடையிலும் வாங்குவார்கள், மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான். சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நின்று பீர் குடித்தால் போலீஸ் பிடிக்கலாம். போலீஸ்காரர் யாராவது காரணமில்லாமல் பணம் கேட்டால் குரலை உயர்த்தாமல் "அபராதத்தை ஸ்டேஷனில் வந்து கட்டுகிறேன்" என்று சொல்லுங்கள், அநேகமாக அதோடு விட்டுவிடுவார்.

மருந்துக்கடை ஒவ்வொன்றும் பச்சை விளக்குப் போட்டுக் கூப்பிடும். 2023-இல் யுசிஎல்ஏ ஆய்வாளர்களும் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழும் வடக்கு மெக்ஸிகோவின் மருந்துக்கடைகளில் தனித்தனியாக மாத்திரைகளை வாங்கிச் சோதித்தபோது, வலி மாத்திரை, கவனக்குறைவு மாத்திரை என்று விற்றவற்றில் சிலவற்றில் உயிரைப் பறிக்கக்கூடிய போதைமருந்தான ஃபென்டனைலும், மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளும் இருந்தன. வலிக்கு, தூக்கத்துக்கு, கவனத்துக்கு என்று எந்த மாத்திரையும் அங்கே வாங்காதீர்கள், உதிரியாகத் தருவதை நிச்சயம் வாங்காதீர்கள். அப்பாவின் வழக்கமான மாத்திரையை ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பல். டிஹுவானாவில் நல்ல பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இதற்கென்றே ஓர் ஊர் உண்டு: அரிசோனாவின் யூமாவுக்குப் பக்கத்தில் லோஸ் அல்கொடோனெஸ். கடைவாய்ப்பல் நகரம் என்றே அதற்கு அமெரிக்கர்கள் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். சில தெருக்களுக்குள் நூற்றுக்கணக்கான பல் மருத்துவர்கள். பூர்வகுடிகளான குவெச்சான் இனத்தாரின் நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு, நடந்து தாண்டினால் போதும். பயந்த சுபாவக்காரர்களுக்கு நான் முதலில் சொல்லும் எல்லை ஊர் இதுதான். சான் டியேகோவிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம் என்பதால் இதற்கு ஒரு தனி நாள் வேண்டும். வாசல் காலை 6 முதல் இரவு 10 வரைதான். கோடையில் வெயில் 45 டிகிரி தொடும், திரும்பும் வரிசை வெளியே நீளும். வயதானவர்களை மதியத்தில் நிறுத்தாதீர்கள். குளிர்காலத்தில் யூமாவுக்கும் இந்த ஊருக்கும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் வித்தியாசம், மருத்துவர் சொன்ன நேரம் எந்த ஊர் நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் கைபிடித்து இழுக்கும் தரகரோடு போகாமல், முன்பே பேசி வைத்த மருத்துவரிடம் போங்கள். சுத்தம் செய்வது, அடைப்பது, பிடுங்குவது ஒரு பகலில் முடியும். தாடை எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் பல் என்றால் மாதக்கணக்கில் இடைவெளி விட்டு மறுபடி வர வேண்டும். அம்மா அதற்குள் ஊருக்குத் திரும்பிவிடுவார் என்றால் அதைச் சென்னையிலோ மதுரையிலோ செய்துகொள்வதே மேல்.

திரும்பும்போது, சாப்பிடும் பொருள் எதுவானாலும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். சொன்னால் கூடாததைப் பறித்துக்கொள்வார்கள், மறைத்தால்தான் அபராதம். மாம்பழம், கொய்யா, பன்றி இறைச்சி, பச்சை முட்டை வரக்கூடாது. ரொட்டி, மிட்டாய், பொடித்த மிளகாய் வரலாம். மது 21 வயதானவருக்குத் தலைக்கு ஒரு லிட்டர். சான் யிசிட்ரோவில் நடந்து வருபவர்களுக்கும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வரிசை இருக்கும். சுங்கத்துறையின் காத்திருப்பு நேரச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். செவ்வாய், புதன் மாதிரி நடுவார நாளில் காலை 9 மணிக்குத் தாண்டி, பிற்பகல் 2 மணிக்கெல்லாம் வரிசையில் நின்றுவிடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போவதில் கூச்சம் வேண்டாம், அங்கே பலர் வைத்திருப்பார்கள். அப்புறம் வடக்கே திரும்பும் ஐ-5 சாலையில் சான் கிளமென்டே பக்கத்தில் எல்லைக் காவல்படையின் சோதனைச் சாவடி ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் போகிற திட்டம் இருந்தால் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ஐ-94 பிரதியும் பெட்டிக்குள் போகாமல் கையிலேயே இருக்கட்டும்.